கடல் கடக்கும் கழுகுகளும் காற்றாலைகளும்

(வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பறவைகள் கடல் கடக்கும் ஓர் இடத்தைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்று தலைவர் அறிவித்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். அதில் குற்றம் இல்லை. வெங்காயத்துக்கு விலை என்ன ஆகுமோ என்று நாம் ஏங்கியிருக்கும் வேளையில் பிறநாட்டுக் கழுகுக்காக வருந்துவானேன் என்று அவர் எண்ணியிருக்கலாம். பொருள் என்னவோ கழுகுதான். ஆனால் அந்தக் கதையின் நடுவே அரசாங்கம் இருக்கிறது. மின்சாரக் கம்பனிகள் இருக்கின்றன. மாடு வளர்ப்போர் இருக்கின்றனர். நிபுணர்கள் முன்கூட்டி எழுதி, பின்னர் பொய்த்துப்போன அறிக்கைகளும் இருக்கின்றன. ஆகவே சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

ஐரோப்பாக் கண்டத்தின் தென்கோடியிலே, ஸ்பெயின் நாட்டின் அந்தலூசியாப் பகுதியில், தரீபா என்றோர் ஊர் உண்டு. அதன் கரையில் நின்று தெற்கே நோக்கினால் ஆபிரிக்காவின் மலைகள் கண்ணுக்குத் தெரியும். இடையே கிடப்பது ஜிப்ரோல்டர் நீரிணை. மிக ஒடுங்கிய இடத்தில் அதன் அகலம் சுமார் 14 கிலோமீற்றர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள தூரத்தில் ஏறக்குறையப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு முற்றிலும் அந்நியமான கடலும் அன்று அது. 1938 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பலாகிய அன்னபூரணி, சூயஸ் கால்வாயைத் தாண்டி மத்தியதரைக் கடலைக் கடந்து, இந்த நீரிணையின் ஊடாகவே அத்திலாந்திக் சமுத்திரத்தில் இறங்கியது.

பாய்க்கப்பலை நான் வேண்டுமென்றே நினைவூட்டினேன். பறவைகள் எல்லாம் ஒரே விதமாகப் பறப்பதில்லை. காகமும் புறாவும் சிறகடித்துப் பறப்பவை. அவை துடுப்பு வலிக்கும் தோணிகள். கழுகு, பருந்து, பெருநாரை ஆகியவையோ பாய் விரித்த கப்பல்கள். பாறு என்று நம் பழந்தமிழ் கூறும் பிணந்தின்னிக் கழுகின் சிறகை விரித்து அளந்தால் இரண்டரை மீற்றர் அளவு வரும். உடலின் நிறை 7 முதல் 10 கிலோ வரை இருக்கும். இத்துணைப் பாரத்தைச் சிறகடித்தே தூக்கிச் செல்ல முயன்றால் அதன் பலம் விரைவில் தீர்ந்துவிடும். ஆதலால் அது காற்றை எதிர்பார்க்கிறது.

எந்தக் காற்றை? உச்சி வெய்யிலில் உழுத நிலத்தின்மேல் கானல் நெளிவதைக் கமக்காரர் நாள்தோறும் காண்கின்றனர். சூடேறிய தரையிலிருந்து வெப்பக் காற்று ஒரு தூண்போல மேலே எழுகிறது. அந்தத் தூணுக்குள் புகுந்து வட்டமிட்டால், சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் ஆயிரம் மீற்றர் உயரம்வரை ஏறிவிடலாம். ஏறியபின் சிறகை விரித்தபடியே சறுக்கிக்கொண்டு அடுத்த தூணைத் தேடிச் செல்லலாம். இவ்விதம் ஏறுவதும் சறுக்குவதுமாகவே நாரைகள் ஐரோப்பாவிலிருந்து ஆபிரிக்கா வரை பிரயாணம் செய்கின்றன. மலைச்சரிவில் மோதி மேலே திரும்பும் காற்றும் அவற்றுக்கு இவ்வாறே உதவுகிறது.

கடலின்மேல் இந்த வித்தை பலிப்பதில்லை. நீர் தரையைப்போல் சூடேறுவதில்லை; தூண் எழுவதில்லை. கடற்கரையைத் தாண்டிய கணத்திலிருந்து கழுகு உயரத்தை இழந்துகொண்டே போகிறது. மறுகரை வருமுன் உயரம் தீர்ந்துவிட்டால் சிறகடிக்க வேண்டும். பலமும் தீர்ந்துவிட்டால் கடலில் விழ வேண்டும். அப்படி விழுந்து மாண்ட பாறுகள் உண்டு. ஆகவே மேற்கு ஐரோப்பாவின் கழுகும் நாரையும் கடல் எங்கே ஒடுங்குகிறதோ அங்கே வந்து குவிகின்றன. கிழக்கு ஐரோப்பாவின் நாரைகள் பொஸ்பரஸ் வழியாகச் சுற்றிச் செல்கின்றன. இத்தாலியில் மெசீனா நீரிணை, கருங்கடற் கரையில் பட்டூமி, மெக்சிக்கோவில் வெராக்ரூஸ் என்று உலகத்தில் இத்தகைய ஒடுங்கிய வழிகள் சில உள. போத்தலின் கழுத்துப்போன்ற இடங்கள் இவை. ஆயிரம் காதப் பரப்பில் சிதறி வாழும் உயிர்கள் ஆண்டில் சில வாரங்களுக்கு ஒரு சிறு மலைத்தொடரின்மேல் ஒன்றுகூடுகின்றன. அங்கே நிகழும் கேடு ஒரு கண்டத்தின் கேடாகிறது.

தரீபாவில் ஆடி மாதத்திலேயே ஊர்வலம் தொடங்கிவிடும். முதலில் செங்கால் நாரையும் கரும்பருந்தும் வரும். ஆவணியின் இறுதியில் குளவிக்கூடு கிளறித் தின்னும் தேன்பருந்து வரும். புரட்டாதியில் பாம்பு தின்னும் கழுகு. ஐப்பசி, கார்த்திகையில் இளம் பாறுகள். கரும்பருந்து மாத்திரம் ஒரு பருவத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேலாகக் கடப்பதை அண்மைக் காலக் கணக்குகள் காட்டுகின்றன. திருக்கழுக்குன்றத்திலே உச்சிப்பொழுதில் வந்து அமுதுண்ட கழுகுகளைப் பற்றி நம்மில் மூத்தோர் கேள்விப்பட்டிருப்பார்கள். யாத்திரை சென்று கண்டோரும் இருக்கலாம். அந்த இனமேதான், மஞ்சள் முகமுடைய அந்தச் சிறு கழுகேதான், தரீபாவின் வானத்தையும் கடந்து செல்கிறது. திருக்கழுக்குன்றத்துக்கு இப்பொழுது கழுகு வருவதில்லை.

தரீபாவில் 'லெவாந்தே' என்று ஒரு கீழைக்காற்று உண்டு. அது மூண்டுவிட்டால் நாட்கணக்கில் ஓயாது. கடக்க முயலும் பறவையை அது அத்திலாந்திக் பக்கமாக அடித்துக்கொண்டு போய்விடும். அந்நாட்களில் ஆயிரக்கணக்கான பருந்துகள் வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் இறங்கிக் காத்திருக்கும். வாடைக்காலத்தில் துறையில் தோணியைக் கட்டிவிட்டுக் காற்று மாறுவதை எதிர்நோக்கியிருக்கும் நம் மீனவரைப் போல என்று சொல்லலாம்.

இந்த ஊர்வலத்தை முறையாக எண்ண முனைந்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சிஸ்கோ பேர்னிஸ் என்னும் ஸ்பானியப் பேராசிரியர். 1970களிலே அவர் கரையோரக் குன்றுகளில் ஆட்களை நிறுத்திப் பறவைகளை எண்ணச் செய்தார். 1997 இல் அந்தலூசிய அரசின் ஆதரவில் 'மிக்ரெஸ்' என்னும் கணக்கெடுப்புத் திட்டம் தொடங்கியது. எண்ணுவது என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். எண்ணிக்கை இல்லாதவனுடைய முறைப்பாட்டை எந்தக் கந்தோரும் ஏற்பதில்லை என்பதை நாம் அறிவோம் அல்லவா?

இனிச் சிக்கலுக்கு வருகிறேன். கழுகுக்கு உகந்த காற்று மின்சாரத்துக்கும் உகந்தது. 1990களின் தொடக்கத்தில் தரீபாவின் மலைமுகடுகளிலே காற்றாலைகள் வரிசை வரிசையாக எழுந்தன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெசீனா நீரிணையில் கழுகுகளுக்குக் கேடு துப்பாக்கியால் வந்தது. வசந்தகாலத்தில் ஒரு தேன்பருந்தையேனும் சுடாத ஆடவனின் மனைவி அவனுக்குத் துரோகம் செய்வாள் என்றொரு மூடநம்பிக்கை அங்கே நிலவியது. 1981 இல், பதினைந்து வயதுச் சிறுமியாக இருந்த அன்னா ஜியோர்தானோ அதை எதிர்க்கத் தொடங்கினார். 1986 இல் அவருடைய காரைக் கொளுத்தினார்கள். அவர் பின்வாங்கவில்லை, சுடுவது பெருமளவு குறைந்தது, 1998 இல் அவருக்குக் கோல்ட்மன் பரிசு கிடைத்தது. அங்கே எதிரி யார் என்பதில் ஐயமில்லை. தரீபாவிலோ எதிரி நல்லவன்! புகையற்ற மின்சாரத்தைத் தருபவன். நிலக்கரி எரித்து உலகத்தைச் சூடாக்குவதைத் தடுப்பவன். அவனை ஊரைவிட்டுத் துரத்து என்று நேர்மையுள்ள எவனும் சொல்ல மாட்டான். நானும் சொல்ல வரவில்லை.

ஆயினும் பாறுகள் செத்து விழுந்தன. ஆலையின் இறக்கை தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மெல்லச் சுழல்வதாகத் தோன்றும். அதன் நுனியோ மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் வெட்டிச் செல்கிறது. கூரிய கண்ணுடைய கழுகுக்கு அது தெரியாதா என்று வியக்கிறோம். இதற்கு 2012 இல் ஆங்கில நாட்டு ஆய்வாளர்கள் விடை தந்தார்கள். பாறு இரைதேடும்போது தலையைத் தாழ்த்தி நிலத்தை நோக்கியே பறக்கிறது. அந்த நிலையில் அதன் பார்வைப் பரப்பு நேர் முன்னே உள்ளதை உள்ளடக்குவதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக வானத்தில் அதன் முன்னே எதுவும் நின்றதில்லை. முன்னே பார்க்க வேண்டிய தேவையும் எழவில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. பலத்த காற்றில் மோதிச் சாவது அதிகம் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். 2004 இல் வெளிவந்த பாரியோஸ், ரொட்ரிகஸ் என்போரின் ஆய்வு அதற்கு மாறாகக் கூறியது. மெல்லிய காற்றுள்ள நாட்களிலேயே பாறுகள் மிகுதியாக மாண்டன. குளிர்காலத்தில் வெப்பத் தூண்கள் நலிந்துவிடுகின்றன. மலைச்சரிவுக் காற்றும் மெலிந்தால் பாறு போதிய உயரம் ஏற முடியாமல் இறக்கைகளின் மட்டத்திலேயே தத்தளிக்கிறது. சாவும் எல்லா ஆலைகளிலும் ஒரேயளவாக நிகழவில்லை. சில முகடுகளில் நின்ற சில ஆலைகளே பெரும்பாலான கொலைகளைச் செய்தன. அடுத்த வரிசையில் நின்றவை ஏறக்குறைய நிரபராதிகள்.

பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு பொரித்துப் பருவமடைய நாலைந்து ஆண்டுகள் செல்லும். கோழிப்பண்ணையில் நோய் புகுந்தால் அடுத்த ஆண்டில் மீளலாம்; பாறுக் கூட்டத்தில் சாவு புகுந்தால் ஒரு தலைமுறை வேண்டும்.

'செத்த மாட்டைத் தின்னும் பறவைக்கு இத்தனை பரிவா?' என்று முன்வரிசைப் பெரியவர் கேட்கக்கூடும். ஸ்பெயினின் கமக்காரர் அதன் விலையை அனுபவித்து அறிந்தார்கள். மலைநாட்டில் ஒரு மாடோ ஆடோ செத்தால் பாறுகள் கூடிச் சில மணி நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுச் செல்லும். உடையவனுக்குச் சதச் செலவில்லை. 2000 ஆம் ஆண்டை ஒட்டி மாட்டுப் பித்தநோய் பரவியபோது, செத்த கால்நடைகளை வெளியில் விடலாகாது, ஏற்றிச் சென்று எரித்தழிக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் விதித்தது. பாறுகள் பட்டினி கிடந்தன. பிணம் ஏற்றும் லொறிகள் மலைப்பாதைகளில் ஓடின. அந்தச் செலவும் கால்நடைக்காரன் தலையிலும் அரசின் தலையிலும் விழுந்தது. 2009 இலும் 2011 இலும் அந்தச் சட்டத்தைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பாறு சம்பளம் வாங்காத சுகாதார உத்தியோகத்தர் என்பதை அவர்கள் கணக்குப் புத்தகத்தில் கண்டுகொண்டார்கள். இங்கே வந்திருக்கும் வைத்தியர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் பாறுகளை ஏறக்குறைய அழித்தொழித்தது மாட்டுக்குக் கொடுத்த டைக்குளோபினாக் என்னும் வலி மருந்து. 2006 இல் இந்தியா அதனைக் கால்நடை வைத்தியத்திலிருந்து விலக்கியது. அதே மருந்துக்கு 2013 இல் ஸ்பெயின் அனுமதி கொடுத்தது! அறிவு கடல் கடப்பது கழுகு கடப்பதைவிடக் கடினம் போலும்.

காற்றாலைக்குத் திரும்புவோம். ஆலை கட்டுமுன் சூழல் ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டம் உண்டு, ஆய்வும் செய்தார்கள். நிபுணர்கள் குன்றில் நின்று பறவைகளை எண்ணி, இங்கே அபாயம் அதிகம், அங்கே குறைவு என்று அறிக்கை எழுதினார்கள். அதன்மீது உத்தரவும் பிறந்தது. பின்னர் மிகுவேல் பெரர் என்னும் விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியோரும் அந்த அறிக்கைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 53 இடங்களுக்கு அபாயம் கணிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் 20 இடங்களில் ஆலைகள் கட்டி முடிந்திருந்தன. முன் சொன்ன அபாயத்துக்கும் பின் நேர்ந்த சாவுக்கும் உருப்படியான தொடர்பு இல்லை என்று 2012 இல் அவர்கள் வெளியிட்டார்கள். கையொப்பமும் முத்திரையும் சரியாக இருந்தன. கழுகுதான் அறிக்கையின்படி பறக்கவில்லை.

ஏன் பொய்த்தது? ஒரு முகட்டின்மேல் எத்தனை பறவை போகிறது என்பது கேள்வியே அன்று. எந்த நாளில், எந்தக் காற்றில், எந்த ஆலையின் அருகே, எந்த உயரத்தில் போகிறது என்பதே கேள்வி. அதற்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகும் நிபுணரால் விடை சொல்ல முடியாது. நாள்தோறும் நிற்பவனாலேயே முடியும்.

அதையே செய்தார்கள். காடிஸ் மாகாணத்தில் 2008 முதல் காற்றாலைகளின் அருகே பயிற்சிபெற்ற காவலர்களை நிறுத்தினார்கள். கையில் தொலைநோக்கி, சட்டைப்பையில் தொலைபேசி, வேறு பெரிய யந்திரம் எதுவும் இல்லை. பாறுகள் ஓர் ஆலையை நோக்கி வருவதைக் கண்டால் காவலன் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுவான். சில நிமிடங்களுக்குள் அந்த ஆலை, அந்த ஒன்று மாத்திரம், நிறுத்தப்படும். பறவை கடந்ததும் மீண்டும் சுழலும். முதலிரண்டு ஆண்டுகளிலேயே பாறுகளின் சாவு பாதியாகக் குறைந்தது. அதனால் இழந்த மின்சாரம் நூற்றுக்கு 0.07 பங்கு என்று மனுவேலா டி லூக்காஸ் அம்மையாரும் தோழர்களும் கணக்கிட்டனர். திட்டம் தொடர்ந்தது. 2022 இல் வெளியான கணக்கின்படி, 13 ஆண்டுக் காவலில் பாறுகளின் சாவு நூற்றுக்கு 92.8 பங்கு குறைந்திருந்தது. மின்சார இழப்பு நூற்றுக்கு 0.51 பங்கைத் தாண்டவில்லை.

இந்த இரண்டு எண்களையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நூறு மூட்டை நெல்லில் அரை மூட்டை! கழுகைக் காப்பாற்றினால் நாடு இருளில் மூழ்கும் என்று சொன்னவர்களுக்கும், கழுகைக் காப்பாற்ற ஆலைகளை உடைக்க வேண்டும் என்று சொன்னவர்களுக்கும் இவை ஒருங்கே விடையாக நிற்கின்றன.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பாறு பெரியது, பகலில் பறப்பது, மெல்லச் சறுக்குவது, ஒரு மைலுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரிவது. சிறு வல்லூறைக் காவலன் காணுமுன் காரியம் முடிந்துவிடும். இரவில் பறப்பவற்றை அவன் காணவே மாட்டான். அதனாலேதான் மன்னாரைப் பற்றிப் பேசும்போது தரீபாவை அப்படியே பிரதிபண்ணலாகாது என்று கருதுகிறேன்.

ஆம், மன்னாரைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது. 2020 இன் இறுதியிலிருந்து மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற் கொள்ளளவோடு சுழல்கின்றன. மேலும் ஆலைகள் எழுப்பும் திட்டத்தோடு வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், வேறு ஆலைகள் வருவதை எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். வெள்ளம் வடியவில்லை, கடற்றொழில் கெடுகிறது என்பவை அவர்களுடைய முறைப்பாடுகள். அவற்றைப் பறவைக்காகவும் மின்சாரத்துக்காகவும் பின்னே தள்ள எவருக்கும் உரிமை இல்லை.

பறவையின் பங்கு இது. மன்னாருக்கு வருபவை பெரும்பாலும் பாறு போன்ற பாய்க்கப்பல்கள் அல்ல. மத்திய ஆசிய வான்வழியில் இறங்கிவரும் தாராக்களும் உள்ளான்களும், பூநாரைகளும் சிறகடித்துப் பறப்பவை. வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. கூட்டம் கூட்டமாக, பொழுது சாய்ந்த பின்னும், தீவுக்கும் வங்காலைக்கும் கட்டுக்கரைக் குளத்துக்கும் இடையே அவை போய்வருகின்றன. தொலைநோக்கி பிடித்த காவலன் மட்டும் அங்கே போதமாட்டான். இரவிலும் பார்க்கும் றேடார் வேண்டியிருக்கும். வழிமறிக்கும் இடத்தில் ஆலையை முதலிலேயே நடாமல் விடுவதும் வேண்டியிருக்கும்.

தரீபாவிலிருந்து இரவல் வாங்கத்தக்கவை கேள்விகளே. ஆலை சுழலத் தொடங்கிய பின்னர் அதன் அடியில் செத்து விழுவனவற்றை எண்ணுபவர் யார்? அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? அந்த எண்ணிக்கை பகிரங்கப்படுத்தப்படுமா, கந்தோர்ப் பெட்டியில் கிடக்குமா? எந்த ஆலை அதிகம் கொல்கிறது என்று தெரிந்தால் அதை நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது? உத்தரவுப் பத்திரத்திலே அந்த அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா? இச்சபையில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், எந்திரிகள் இருக்கிறார்கள். இனி ஓர் உத்தரவு வெளிவரும்போது அதன் முன்பக்கத்தில் உள்ள மெகாவாற் கணக்கோடு நின்றுவிடாமல், பின்பக்கத்து நிபந்தனைகளையும் படித்து ஊருக்குச் சொல்லுங்கள். பறவை எப்போது எவ்வழி போகிறது என்பதை எந்த நிபுணரையும்விட நன்கு அறிந்த கமக்காரரும் மீனவரும் மன்னாரில் இருக்கிறார்கள். காவலுக்கு ஆள் தேடும்போது அவர்களுடைய பிள்ளைகளை முதலில் கேட்க வேண்டும் என்று அந்த நிபந்தனையிலே ஒரு வரி சேர்க்கக் கோருங்கள்.